சாவி யாரிடம்? மாநகராட்சியா, குத்தகைதாரரா, சங்கமா

செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டுமானால், முதலில் விசாரிக்க வேண்டியது சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். வீட்டுக்குப் பதினாறு பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், மற்றவர்கள் எங்கெங்கோ. சாவி மட்டும் எதிர்த்தெருவில் காவலுக்கு இருக்கும் பெரியவரின் இடுப்பில் தொங்கும். அவர் சந்தைக்குப் போயிருந்தால் நாம் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான்.

பொது உடற்பயிற்சிக் கூடத்துக்கு முன்னாலும் இப்படிக் காத்திருந்திருக்கிறேன். சர்க்கரை கூடிவிட்டது, நடந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் எடையும் தூக்குங்கள் என்று மருத்துவர் சொன்னார். பக்கத்தில் உள்ளாட்சி கட்டிய கூடம் ஒன்று இருந்தது. திறப்பு விழாவில் பந்தல், மாலை, ஒலிபெருக்கி எல்லாம் இருந்தன. மூன்றாம் மாதம் பூட்டு இருந்தது. சாவியை வைத்திருந்தவர் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் ஊழியர். அந்த வேலை முடிந்து அவர் வரும்போது எட்டரை ஆகியிருக்கும். வேலைக்குப் போகிறவன் எட்டரைக்கு எங்கே தண்டால் எடுப்பது?

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கூடத்தைக் கட்டியவர்கள் அதை யார் நடத்துவது என்று யோசிக்கவில்லை. இது ஓர் ஊரின் கதையும் அல்ல. 2016-இல் தமிழக அரசு ஊராட்சிகளில் 500 பூங்காக்களையும் 500 உடற்பயிற்சிக் கூடங்களையும் அறிவித்தது. பூங்காவுக்கு 20 லட்சம், கூடத்துக்கு 10 லட்சம் ரூபாய். அவற்றில் பலவற்றின் பிற்கால நிலையைச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள். கட்டுவதற்குப் பணம் ஒருமுறை வந்தால் போதும். நடத்துவதற்கு மாதம் பிறந்தால் வர வேண்டும்.

காரைக்குடி 1928-இல் நகராட்சியானது. 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. பெரிய பெயர் வந்தால் பெரிய கட்டடங்களும் வரும். அப்படி ஒரு பொதுக் கூடம் வருவதாக வைத்துக்கொண்டு, அதை நடத்த உள்ள மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்: மாநகராட்சியே நடத்துவது, ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பது, லாப நோக்கமில்லாத ஒரு சங்கத்துடன் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது.

முதலில் கணக்கு. ஐந்தொகை பார்க்காமல் பேச்சைத் தொடங்குவது இந்த மண்ணுக்கு அழகில்லை. காலைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் என்று இரண்டு பயிற்சியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண், ஆளுக்கு 15,000. கூட்டிப் பெருக்கித் திறந்து பூட்ட ஒருவர், 10,000. மின்சாரம் 8,000. பழுதுக்கென்று எடுத்துவைப்பது 7,000. ஆக மாதம் 55,000 ரூபாய். 250 பேர் சேர்ந்து ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தால் 50,000. துண்டு விழுவது 5,000. இது என் நோட்டில் நான் போட்ட உத்தேசக் கணக்கு; உங்கள் ஊர்ச் சம்பளத்துக்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி மாற்றினாலும் ஏழைக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் ஒரு கூடம் கொஞ்சம் பள்ளத்தில்தான் ஓடும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் ஜிஎஸ்டி பதிவுத் தொல்லை இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

அந்த 5,000 ரூபாய் பள்ளத்தை மூன்று வழிகளும் எப்படி நிரப்புகின்றன என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

மாநகராட்சி நேரடியாக நடத்தினால் பள்ளம் பொது நிதியில் கரைந்துவிடும். ஆண்டு வரவு செலவில் 60,000 ரூபாய் என்பது கண்ணுக்கே தெரியாத தொகை. இலவசமாகக்கூட நடத்தலாம். சாதி, தெரு, கட்சி பார்க்காமல் யாரும் நுழையலாம். நுழையவிடாவிட்டால் கேள்வி கேட்கக் கவுன்சிலர் இருக்கிறார். இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் கேபிள் இழுக்கும் எந்திரத்தில் ஒரு கேபிள் அறுந்துவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஊழியர் எழுதித் தர வேண்டும், பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும், ஒப்புதல் வர வேண்டும், அதற்குரிய தலைப்பில் நிதி இருக்க வேண்டும். அதே வாரம் ஒரு குடிநீர்க் குழாய் உடைந்தால் எது முதலில் நகரும்? குழாய்தான். நானே அதிகாரியாக இருந்தாலும் குழாயைத்தான் பார்ப்பேன். உடற்பயிற்சிக் கூடம் எந்த உள்ளாட்சிக்கும் முதல் வேலையாக இருக்க முடியாது. சாவி தண்ணீர்த் தொட்டி ஊழியரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணமும் இதுதான்.

குத்தகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் சைக்கிள் நிறுத்துமிடத்தை ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதுவும் புரியும். அதிகம் கேட்டவருக்கு இடம். அறுந்த கேபிள் மறுநாளே மாறிவிடும். எந்திரம் நின்றால் வரவும் நின்றுவிடும் அல்லவா? சுத்தமாக இருக்கும், பாட்டு ஒலிக்கும். ஆனால் ஏலத்தொகையை அவர் எங்கிருந்து எடுப்பார்? 200 ரூபாயில் எடுக்க முடியாது. கட்டண உச்சவரம்பு என்று ஒப்பந்தத்தில் எழுதினால், மாதக் கட்டணம் அப்படியே நிற்கும். சேர்க்கைக் கட்டணமும் தனிப் பயிற்சியாளர் கட்டணமும் புரதப் பவுடர் டப்பாவும் வளரும். மாலை ஆறு முதல் எட்டு வரை நல்ல வரவுள்ள நேரம். அதைப் பெண்களுக்கு ஒதுக்கச் சொன்னால் முகம் சுளிப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் போட்டது முதல். தனியார் கூடங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. பொதுக் கட்டடத்தில் இன்னொன்று எதற்கு என்பதுதான் என் கேள்வி.

மூன்றாவது வழி. நான் இதன் பக்கம்தான் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

கட்டடம் மாநகராட்சியுடையது, நடத்துவது சங்கம் என்ற ஏற்பாடு பல நாடுகளில் பழகிப்போன ஒன்று. லண்டனின் கிரீனிச் பகுதியில் உள்ளாட்சி மன்றத்துக்குப் பணமுடை வந்தபோது, 1993-இல் அதன் ஏழு உடற்பயிற்சி, நீச்சல் மையங்களையும் அங்கே வேலை பார்த்தவர்களே சேர்ந்து அமைத்த ஒரு சமூக நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த நிறுவனம் இன்று நூற்றுக்கணக்கான மையங்களை நடத்துகிறது. வேலை தெரிந்தவர்களிடமே சாவியைக் கொடுத்தார்கள் என்பது அதில் எனக்குப் பிடித்த அம்சம். பிடிக்காத பாடமும் ஒன்று உண்டு. 2020-இல் கொரோனா வந்து மையங்களை மூடியபோது உறுப்பினர் கட்டணம் நின்றது. இதுபோன்ற அமைப்புகள் பலவற்றுக்கு உள்ளாட்சி மன்றங்களே கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆக, நட்டம் உன்னுடையது என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தாலும், கட்டடம் யாருடையதோ அவர் வாசலுக்கு அது கடைசியில் வந்து நிற்கும். மாநகராட்சி கைகழுவிவிடலாம் என்று நினைத்தால் அது நடக்காது.

லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் உடற்பயிற்சிக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. கூடைப்பந்து 1891-இல் பிறந்ததே அமெரிக்காவில் ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்தான். சென்னை ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி 1920-இல் தொடங்கியது.

சங்கம் வைத்து நடத்தும் கலையைச் செட்டிநாட்டுக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுத் தர வேண்டாம். காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் 1917-இல் தொடங்கியது. கம்பன் கழகம் 1939-இல். காசியில் இருக்கும் நகரத்தார் சத்திரத்தை இங்கிருந்தபடியே பல தலைமுறைகளாக நடத்திவருகிறார்கள். வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று தருமத்துக்கு ஒதுக்கிய பழக்கமும், புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று கோயிலுக்குத் திரட்டிய பழக்கமும் இங்கே உண்டு. 5,000 ரூபாய் பள்ளம் இந்த ஊரில் ஒரு பள்ளமே அல்ல.

ஆனால் நம் ஆட்களின் ஒரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். டிரெட்மில்லுக்கு உபயம் கிடைக்கும். அதன் பெல்ட்டுக்குக் கிடைக்காது. பெல்ட்டில் பெயர் எழுத முடியாதே. அதனால் நன்கொடை தருகிறவர் எந்திரத்தின் விலையில் ஒரு பகுதியைப் பழுது நிதிக்கும் சேர்த்துத் தர வேண்டும் என்று சங்கம் முதல் நாளே விதி வைக்க வேண்டும். நிறுவனங்களிடம் போனாலும் இதையே கேட்கலாம். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள், மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. முறையாகப் பதிவு செய்த சங்கத்திடம் அந்தப் பணம் சுலபமாக வரும். அரசின் நமக்கு நாமே திட்டம், மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ஏற்பாடு. கட்டடத்துக்கு அது நல்லது, பயிற்சியாளர் சம்பளத்துக்கு உதவாது.

பயிற்சியாளருக்கு எங்கே போவது என்றும் திகைக்க வேண்டாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி உள்ளூரிலேயே இருக்கிறது. படிப்பவர்களுக்குப் பழக ஓர் இடம், கூடத்துக்குத் தெரிந்த கை. மாநகராட்சி இதற்கு ஒரு கோப்பு திறப்பதற்குள், சங்கத்தின் செயலாளர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பேசி முடித்துவிடலாம்.

இனி சங்கத்தின் குறைகள். கேபிள் அறுந்தால் செயலாளர் தன் பையிலிருந்து பணம் போட்டு அன்றே மாற்றிவிடுவார். அதுவே பலம், அதுவே பலவீனம். அந்தச் செயலாளருக்குப் பிறகு யார்? அவருடைய மகன் பெங்களூரில். ஒரு நாள் பேரனைப் பார்த்துக்கொள்ள அவரும் போய்விடுவார். நிர்வாகக் குழுவில் மீதிப்பேர் மாசி பங்குனித் திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருகிறவர்கள் என்றால், கூடம் பதினாறு பங்காளி வீடாகிவிடும்.

அடுத்தது இன்னும் கூச்சமான விஷயம். சங்கம் என்றால் ஒரு தெருவின் சங்கம், ஒரு சமூகத்தின் சங்கம் என்று ஆகிவிடுவது நம் ஊர்களில் புதிதல்ல. எழுதி வைத்துத் தடுக்க வேண்டியதில்லை. ‘இடம் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று சிரித்தபடி சொன்னால் போதும். மாநகராட்சிக் கூடத்தில் இதைக் கேட்க ஆள் உண்டு. சங்கத்தில்? உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. அரசின் கணிசமான நிதியுதவியில் இயங்கும் தொண்டு அமைப்புகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அரசு நிலத்தை இலவசமாகவோ சலுகையிலோ தருவதும் அப்படிப்பட்ட உதவியாகலாம் என்றும் சொன்னது. ஆகவே சேர்க்கைப் பதிவேட்டை வரிசை எண்ணோடு வாசலில் ஒட்டு என்று கேட்பது அடாவடி ஆகாது.

இடையில் ஒரு யோசனையையும் சொல்கிறார்கள்: பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு ஒன்றை வாங்கிக் கூடமாக்கினால் என்ன என்று. உயரமான கூரை, நல்ல காற்று, எல்லாம் சரி. ஆனால் அங்கே தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் வெந்தது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் ஊற்றித் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. நாற்பது கிலோ இரும்பு ஒருமுறை கைநழுவினால் பூவேலை போச்சு. வேண்டாம்.

மாநகராட்சியும் சங்கமும் கைகோக்கும்போது ஒப்பந்தத்தில் நான் பார்க்க விரும்புவது சில வரிகள்தான். சங்கத்தை ஆணையரோ மேயரோ கைகாட்டித் தேர்ந்தெடுக்காமல், பொது அறிவிப்பு கொடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதவியில் இருக்கும் கவுன்சிலர் அதில் பொறுப்பு வகிக்கக் கூடாது. காலம் மூன்று ஆண்டு. முப்பது ஆண்டு என்று எழுதினால் அது தானம். கூரையும் சுவரும் மாநகராட்சி பொறுப்பு, எந்திரமும் ஆளும் சங்கத்தின் பொறுப்பு, மின் கட்டணம் யார் தலையில் என்பது முதல் பக்கத்திலேயே. மாலையில் ஒரு மணி நேரமாவது பெண்களுக்கு. எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு முழங்கால் வலி. ‘தம்பி, காலையில் சமையல் நேரத்தில் பெண்களுக்கு என்று போட்டுவிட்டு, யாரும் வரவில்லை என்று சொல்லப் போகிறார்கள், பார்’ என்றார். அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

இன்னொரு சாவி மாநகராட்சியிடம் இருக்கட்டும். சங்கத்தின் கையில் இருப்பது காலை ஐந்தரைக்குத் திறக்க வேண்டும்; மூன்று நாள் தொடர்ந்து திறக்காவிட்டால் விளக்கம் கேட்கலாம் என்று எழுதிக்கொள்ளட்டும்.

ஒப்படைக்கும் நாளில் இருப்புப் பட்டியல் எடுத்து இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். எந்திரங்களை எண்ணுவது சுலபம். டம்பெல்களை ஜோடி ஜோடியாக, எடையோடு எண்ணச் சொல்லுங்கள்; நான் காத்திருந்த அந்தக் கூடத்தில் கடைசியாகப் பார்த்தபோது ஐந்து கிலோவில் ஒன்றும் ஏழரையில் ஒன்றும்தான் மிச்சம் இருந்தன.