எத்தோசக்ஸிமைடா, வால்ப்ரோயேட்டா: பிள்ளைகளின் ஆப்சன்ஸ் வலிப்புக்கு எது?

தங்கச்சி மகளுக்கு ஏழு வயது. புட்டும் பழமும் பிசைந்து வாயருகே கொண்டுபோன கை அப்படியே நிற்கும். பார்வை நிலைகுத்தும், இமை லேசாகப் படபடக்கும். பத்து எண்ணி முடிப்பதற்குள், எதுவுமே நடக்காத மாதிரி அந்த உருண்டை வாய்க்குள் போகும். ஒரு நாளில் இருபது, முப்பது தடவை. "கவனமே இல்ல, பகல்கனவு காணுறா" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். அம்மா கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டினார். கயிறு இப்போதும் கையில் கிடக்கிறது, மருந்தோடு அதற்குச் சண்டை ஒன்றும் இல்லை.

பகல்கனவு காணும் பிள்ளையைத் தோளில் தட்டினால் திரும்பிப் பார்க்கும். இது ஆப்சன்ஸ் வலிப்பு, அதாவது சில நொடி நினைவு தப்பி அப்படியே நின்றுபோகும் வலிப்பு. இதில் தட்டினாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்காது. பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வார்த்தையிலும் வந்துவிடும். பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். டாக்டர் அவள் கையில் ஒரு காற்றாடியைக் கொடுத்து, மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொன்னார். இரண்டாவது நிமிடத்திலேயே காற்றாடி நின்றது, அவளும் நின்றாள். அப்புறம் மூளையின் மின் அலைகளைப் பார்க்க எடுத்த ஈ.ஈ.ஜி.யில் நொடிக்கு மூன்று என்ற கணக்கில் கூர்முனை அலைகள் வந்தன. நோய் உறுதி.

சரி, மருந்து. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு மாத்திரை எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, பக்கத்து வீட்டில் யாரோ சாப்பிடும் கார்பமஸெபினை வாங்கிக் கொடுத்துவிடக் கூடாது. வேறு வகை வலிப்புக்கு அது நல்ல மருந்து. ஆப்சன்ஸை அது கூட்டிவிடலாம். பெனிட்டாயினும் அப்படித்தான்.

போட்டியில் இருப்பவை மூன்று: எத்தோசக்ஸிமைடு, வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின். அமெரிக்காவில் 453 பிள்ளைகளிடம் மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து, வலிப்பு அடங்கி, தாங்க முடியாத பக்கவிளைவும் இல்லாமல் மருந்தில் தொடர்ந்தவர்கள் எத்தோசக்ஸிமைடில் 53 சதவீதம், வால்ப்ரோயேட்டில் 58, லாமோட்ரிஜினில் 29. ஆக, லாமோட்ரிஜின் மூன்றாவது இடம். தோலில் தடிப்பு வரும் என்ற பயத்தால் அதன் அளவை வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். நாளுக்கு முப்பது தடவை நின்றுபோகும் பிள்ளைக்கு அத்தனை நாள் காத்திருப்பது கஷ்டம்.

53க்கும் 58க்கும் இடையே இருப்பது பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் அந்த ஆய்வே சொன்னது. என்னை யோசிக்கவைத்தது வேறொரு கணக்கு. கவனத்தைச் சோதித்துப் பார்த்தபோது தடுமாறியவர்கள் வால்ப்ரோயேட் குழுவில் 49 சதவீதம், எத்தோசக்ஸிமைடு குழுவில் 33. கவனம் இல்லை என்று பேர் வாங்கிய பிள்ளைக்கு வலிப்பு நின்றும் கவனம் திரும்பவில்லை என்றால் என்ன பிரயோஜனம்?

வால்ப்ரோயேட்டையும் குறைத்துச் சொல்ல முடியாது. எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். கைகால் இழுக்கும் பெரிய வலிப்பையும் அது தடுக்கும், எத்தோசக்ஸிமைடு தடுக்காது. இரண்டும் வருகிற பிள்ளைக்கு நான் மறுபேச்சில்லாமல் வால்ப்ரோயேட் பக்கம்தான். ஆனால் பசி கூடும், உடம்பு போடும், முடி கொட்டலாம், அரிதாக ஈரலைப் பாதிக்கும். பெண் பிள்ளை என்றால் இன்னொன்றும் உண்டு: கர்ப்ப காலத்தில் இந்த மருந்து வயிற்றுக் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கக்கூடியது. "ஏழு வயசுப் பிள்ளைக்கு இப்பமே எதுக்கு அண்ணா அந்தப் பேச்சு?" என்று தங்கச்சி கேட்டாள். நியாயம்தான், பெரும்பாலோருக்கு வளரவளர இந்த நோய் விட்டுப்போகிறது. விடாத சிலர் உண்டு. அவர்கள் அதே மருந்தோடுதான் வயதுக்கு வருவார்கள்.

எத்தோசக்ஸிமைடில் வயிற்றுவலி, குமட்டல், சில நேரம் விக்கல். சாப்பாட்டோடு கொடுத்தால் ஓரளவு அடங்கும். உண்மையான தொல்லை வாங்குவதில்தான். நாகர்கோவிலில் நாலு கடை ஏறி இறங்கினோம், இல்லை. கடைசியில் திருவனந்தபுரத்தில் சொல்லிவைத்து நாலாம் நாள் வந்தது. நம் ஊருக்கு அது பக்கம் என்பதால் முடிந்தது. அலைய ஆள் இல்லாத வீட்டுக்கு நான் வால்ப்ரோயேட்டைத்தான் சொல்வேன், டாக்டரும் சரி என்றால். ஒழுங்காகக் கொடுக்கும் இரண்டாம் மருந்து, நடுவில் விட்டுப்போகும் முதல் மருந்தைவிட நல்லது. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எதைக் கொடுத்தாலும், வலிப்பு முழுக்க நின்று சுமார் இரண்டு வருடம் ஆன பிறகே மெல்லக் குறைப்பார்கள்.

அதுவரை குளத்திலோ ஆற்றிலோ தனியாக இறங்க விடாதீர்கள். தண்ணீருக்குள் பத்து நொடி நினைவு தப்பினாலே போதும். கரையில் நின்று பார்ப்பது போதாது. ஒரு பெரியவர் கூடவே இறங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் எத்தோசக்ஸிமைடுதான், இது மூன்றாம் மாதம். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை நின்றுபோகிறாள், அவ்வளவுதான். இருக்கிற பாட்டில் இன்னும் பன்னிரண்டு நாளுக்கு வரும். அடுத்ததுக்குக் கடைக்காரரிடம் இன்றைக்கே சொல்லியாயிற்று.