தினமும் மலை இறங்குவதா, கோவையில் ஹாஸ்டலா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரி சீட்டும் கைக்கு வந்துவிட்டால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சுதான். பிள்ளைக்குக் கீழே இடம் கிடைத்திருக்கிறது, பஸ்ஸில் போய்வரட்டுமா, ஹாஸ்டலில் விடலாமா? எங்கள் மகளுக்குக் கோவையில் இடம் கிடைத்தபோது நாங்கள் ஹாஸ்டலில் சேர்த்தோம். இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். அவளோடு சேர்ந்த பக்கத்து வீட்டுப் பெண் முதல் வருடம் முழுக்க கோத்தகிரியிலிருந்தே போய்வந்தாள். இரண்டையும் கிட்ட இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், என் ஓட்டு ஹாஸ்டலுக்கு.

பிள்ளை கேட்கும் பாடம் மேலேயே கிடைத்தால் இந்தக் கேள்வியே வேண்டாம். ஊட்டியில் 1955 முதல் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, குன்னூரில் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி, கூடலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி. அங்கே இடம் கிடைத்தும் பெயருக்காகக் கீழே அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. கல்லூரி மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ இருந்தாலும் பஸ்ஸே போதும். கோவை நகரத்துக்குள் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் கேட்பது செலவு. பஸ்தான் மலிவு, அதில் சந்தேகமில்லை. வீட்டுச் சாப்பாடு, உடம்புக்கு முடியாவிட்டால் பக்கத்தில் அம்மா, இதெல்லாமும் பஸ் பக்கம்தான். என் மாமியார் கேட்டதும் அதுதான்: "பொட்டப் புள்ளைய எதுக்கும்மா கீழ விடணும்?" நியாயமான கேள்வி. ஆனால் விடிவதற்கு முன்னால் மூடுபனியில் தனியாக பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பதும், இருட்டிய பிறகு காட்டெருமை நிற்கும் தோட்டத்து வழியே திரும்பி வருவதும் ஹாஸ்டலைவிடப் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

என் முடிவை உறுதி செய்தது சாலை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ., அங்கிருந்து கோவை இன்னும் 35 கி.மீ. சொச்சம். நல்ல நாளிலேயே ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். கோவையில் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கல்லூரிக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ஒன்பதரைக்கு வகுப்பு என்றால் ஆறு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். திரும்பும்போது ஏழரை, எட்டு. கொண்டை ஊசி வளைவில் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றும், அதனால் பஸ்ஸில் படிக்கலாம் என்பதும் நடக்காது.

அதுவாவது நல்ல நாள் கணக்கு. செமஸ்டர் தேர்வுகள் வருவது நவம்பரிலும் ஏப்ரலிலும். நவம்பரில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். 2009 நவம்பர் நிலச்சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த அளவுக்குப் போகாத வருடங்களிலும் குன்னூர்-மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியார் பக்கம் மரம் விழும், பாறை உருளும். அந்த வழியை அடைத்தால் அத்தனை வண்டியும் கோத்தகிரி ரோட்டுக்கு வரும், இரண்டு பாதையும் திணறும். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா சீசன். மேலே வருகிறவர்களைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிறவர்களைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பி விடுவார்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 முதல் இ-பாஸ் இருந்தும் விடுமுறை நாட்களில் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. ஆக, ஒரு மணி நேரம் தாமதமானாலும் பாழாகிவிடும் இரண்டு மாதங்களிலும் சாலையை நம்ப முடியாது.

அப்புறம் வருகைப் பதிவு. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், அதில் 75 சதவீதம் வேண்டும். 68 நாள் போயே ஆக வேண்டும், விட்டால் 22 நாள்தான் கையிருப்பு. மழைக்கு நீலகிரி கலெக்டர் விடும் லீவு நீலகிரிக்கு மட்டும்தான். படுகர்களின் எத்தையம்மன் திருவிழாவுக்கு விடும் உள்ளூர் விடுமுறையும் அப்படியே. கோவையில் அன்றைக்கு வகுப்பு நடக்கும், நம் பிள்ளைக்கு ஆப்சென்ட் விழும். ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம், நாலு மழை நாள் சேர்ந்தால் அந்த 22 எப்படிக் கரையும் என்று பக்கத்து வீட்டில் பார்த்தேன். அந்தப் பெண் கெட்டிக்காரி. மதிப்பெண்ணில் குறையே இல்லை, வருகைக்காகத்தான் அபராதம் கட்டித் தேர்வு எழுதினாள். இரண்டாம் வருடம் அவளும் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டாள். தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்த விதி கொஞ்சம் மாறலாம், சேரும்போதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பணத்துக்கு என்ன வழி? எங்களுக்கு இருப்பது சின்னத் தேயிலைத் தோட்டம். பனி விழும் ஜனவரி, பிப்ரவரியில் இலை வரத்து குறைந்துவிடும், அதே சமயத்தில்தான் இரண்டாவது செமஸ்டர் கட்டணம் வந்து நிற்கும். அதனால் அக்டோபர் இலைப் பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவிடுவோம். மெஸ் பில் எங்களுக்கு மாதம் 3,500 முதல் 4,000 ரூபாய் வரை வருகிறது. வங்கிக் கல்விக் கடன் வாங்கினால் ஹாஸ்டல் கட்டணத்தையும் அதில் சேர்க்கலாம், 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடத்தும் விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். வருமான வரம்பு உண்டு, இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வனில் அதே தொகை. இந்தப் பணம் பிள்ளையின் கணக்குக்கு நேரே போகும். வீட்டுச் செலவுக்கு அதைக் கேட்காமல் இருப்பதே பெரிய ஒத்தாசை.

ஹாஸ்டலில் விட்டதும் பெற்றோர் வேலை முடிந்துவிடாது. முதல் செமஸ்டரில் வாராவாரம் மேலே கூப்பிடாதீர்கள். ஞாயிறு இரவு மலை இறங்கிப் போகும் பிள்ளை திங்கட்கிழமை வகுப்பில் தூங்கும். அதற்குப் பதில் நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு போன், அதில் மார்க் பேச்சு கிடையாது. குளிரில் வளர்ந்த பிள்ளைக்குக் கோவை வெயில் முதல் மார்ச்சில் நிஜமாகவே ஒத்துக்கொள்ளாது. பருத்தித் துணியும் பெரிய தண்ணீர் பாட்டிலும் முன்கூட்டியே வாங்கிக் கொடுங்கள்.

பையன்களை வெளியே ரூம் எடுத்துத் தங்கவைப்பது பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அக்கா மகன் அப்படித்தான் இருக்கிறான், சமையலும் வாடகைப் பங்கும் அடிக்கடி சண்டையாகிறது என்கிறான், அதை மட்டும் வைத்து முடிவு சொல்வது சரியல்ல. அம்மா மேட்டுப்பாளையத்தில் வாடகை வீடு எடுத்துப் பிள்ளையோடு தங்கும் குடும்பங்களும் உண்டு. தோட்டத்தைப் பார்க்க இங்கே வேறு ஆள் இருந்தால் அதுவும் நல்ல வழி, எங்களுக்கு இல்லை.

ஹாஸ்டல் என்று முடிவு செய்தால் கல்லூரிக் கட்டணம் கட்டும் அன்றைக்கே அறைக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். உள்ளூர் கார்டியன் கையெழுத்து கேட்பார்கள், கோவையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் அதற்கு முன்பே பேசி வையுங்கள்.