பெருந்தொற்றின் நடுவே ஊரில் ஒரு பல் சிகிச்சை

கொரோனா பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டில் ஊருக்கு வந்திருந்தபோது, கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த பழைய சிமெண்ட் உடைந்துவிட்டதால் பல் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானியைவிட, அதற்கு முன்பே தொலைபேசியில் நடந்த விசாரணைதான் எனக்கு நம்பிக்கை அளித்தது. காய்ச்சல், இருமல் உண்டா, வாசனை தெரிகிறதா, எப்போது விமானத்தில் வந்தேன் என்று கேட்டதோடு, வலியும் வீக்கமும் எந்த அளவில் இருக்கின்றன என்பதையும் விசாரித்து, பல்லைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். சமூகப் பரவல் உள்ள இடங்களில் அவசரமற்ற வழக்கமான பல் சிகிச்சைகளைத் தள்ளிவைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2020 ஆகஸ்டில் அறிவுறுத்தியிருந்ததால், யாரை உடனே வரவழைப்பது என்று பிரித்தறிவதே அக்காலத்தில் முதல் வேலையாக இருந்தது.

ஆயினும் அதே வாசலில், உள்ளே வருவோர்மீது கிருமிநாசினியைத் தெளித்தார்கள். மனிதர்மீது தெளிப்பது எந்நிலையிலும் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லியிருந்தது.

பல் சிகிச்சையில் உண்மையான ஆபத்து காற்றில்தான் இருக்கிறது. பல்லைக் குடையும் அதிவேகக் கருவியும் பற்காரையை அகற்றும் ஸ்கேலிங் கருவியும் சூடேறாமலிருக்க நீரைப் பீய்ச்சியபடியே இயங்குகின்றன; அந்நீர் உமிழ்நீரோடு கலந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகச் சிதற, நோயாளியோ முகக்கவசமின்றி வாயைத் திறந்தபடி படுத்திருக்க வேண்டும். என் சிகிச்சையின்போது முதலில் போவிடோன் அயோடின் கரைசலால் வாய் கொப்பளிக்கச் செய்தார்கள். அது வாயிலுள்ள கிருமிகளைச் சிறிது நேரத்துக்குக் குறைக்குமே தவிர, மூச்சில் வருவதைத் தடுக்காது. பிறகு மெல்லிய ரப்பர் விரிப்பொன்றைத் துளையிட்டு அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே நிறுத்தி, உதவியாளர் அகலமான உறிஞ்சுகுழாயைப் பல்லருகிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். மருத்துவர் அணிந்திருந்த என்-95 கவசத்தையும் முகத்தடுப்பையும்விட இவ்விரண்டையும்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனெனில் இவை சிதறலை அது பிறக்கும் இடத்திலேயே மடக்குகின்றன.

குளிர்சாதனத்தை நிறுத்தி, சன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியை ஓடவிட்டிருந்ததால் வியர்வையைத் தாங்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் 6 முறை காற்று மாறும் அறையில் மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு அகல 46 நிமிடங்களும், 12 முறை மாறினால் 23 நிமிடங்களும் ஆகும் என்பது அறியப்பட்ட கணக்கு. நோயாளிகளுக்கிடையே அவர்கள் விட்ட நீண்ட இடைவெளிக்கும், காத்திருப்பு அறை ஏறக்குறைய காலியாகவே கிடந்ததற்கும் அதுவே காரணம்.

கருவிகளை ஆட்டோகிளேவில் நீராவியால் தூய்மைப்படுத்துவது பெருந்தொற்றுக்கு முன்பும் இருந்த கடமைதான். உறையை என் முன்னால் பிரித்தது மட்டுமே புதிது. ரசீதில் கவசவுடைக்கென்று தனிக்கட்டணம் சேர்த்திருந்தார்கள். அத்தனை கேள்விகள் கேட்ட தொலைபேசியிலேயே அதையும் சொல்லியிருக்கலாம்.