த்ஸ்வெதானாவா, ரூஷித்சாவா?

இந்த இரண்டு பெயர்களில் எது அழகு? இரண்டும் ஸ்லாவிய மொழிகள் (பல்கேரியன், செர்பியன், போலிஷ் போன்றவை) பேசும் நாடுகளில் பெண்களுக்கு வைக்கும் பூப்பெயர்கள்தான், வேர்தான் வேறு. பல்கேரியாவின் த்ஸ்வெதானா, பூவைக் குறிக்கும் பழைய ஸ்லாவியச் சொல்லில் பிறந்தது. போலந்துக்காரர்கள் ஏப்ரலை 'க்வியெச்சென்' என்பதும், செக் மக்கள் மே மாதத்தை 'க்வ்யெத்தென்' என்பதும் அதே வேரில்தான். (ஒளியைக் குறிக்கும் ஸ்வெத்லானா வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

செர்பிய, குரோஷிய ரூஷித்சா என்றால் குட்டி ரோஜா. 'ரூஷா' லத்தீன் 'ரோசா'விலிருந்து வந்த இரவல். 'இத்சா' என்ற செல்ல விகுதிதான் சொந்தச் சரக்கு. சரி, கூப்பிட இதுதான் இனிமை.

ஆனாலும் என் ஓட்டு த்ஸ்வெதானாவுக்கே. ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு பல்கேரியாவில் 'த்ஸ்வெத்னித்சா'. பூப்பெயர்க்காரர்கள் எல்லோருக்கும் அன்று பெயர்நாள், அதாவது தங்கள் பெயரைக் கொண்டாடும் நாள். தேவாலயத்தில் ஆசீர்வதித்த வில்லோ மரக் கிளையை வளையமாகச் சுற்றி வாசற்கதவில் மாட்டுவார்கள்.