கச்சான் காற்றும் சிறிய பேட்டரியும்: மின்சார மலை சைக்கிளின் நீண்டகால அனுபவம்

மின்சார மலை சைக்கிளுக்கு எடை குறைந்த சிறிய பேட்டரி போதுமா என்று கேட்டால், எடை குறைந்தால் ஏற்றம் எளிதாகும் என்று மலைப்பகுதியில் ஓட்டுபவர்கள் சொல்லும் விடை இராமநாதபுரம் கரைக்கு அப்படியே பொருந்தாது. மண்டபம் பக்கத்தில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது பாம்பன் சாலைப் பாலம் ஒன்றுதான். இங்கே பேட்டரியைத் தின்பவை காற்றும் மணலும்.

ஒரே சைக்கிளில், ஒரே 250 வாட் மோட்டாரில், முதலில் 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி பேட்டரியையும் (504 வாட்-மணி), பிறகு 10 ஆம்பியர்-மணி பேட்டரியையும் (360 வாட்-மணி) நெடுநாள் பயன்படுத்தியிருக்கிறேன். இரண்டுக்கும் எடை வித்தியாசம் ஏறத்தாழ ஒரு கிலோ. ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து நூறு கிலோவை நெருங்கும்போது இது ஒரு சதவீதம்தான் என்பதால், எடை குறைந்தால் தூரம் கூடும் என்று நம்பி இந்தச் சமதளத்தில் யாரும் சிறிய பேட்டரி வாங்க வேண்டாம். பனங்காட்டு மணல் தடத்தில் முன்சக்கரம் புதையும்போது வண்டியைத் தூக்கித் திருப்புவதிலும், சார்ஜ் போடப் பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோவதிலும்தான் அந்த ஒரு கிலோவின் அருமை தெரிகிறது.

தூரத்தைத் தீர்மானிப்பது மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. ஆனி, ஆடியில் இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் கிழக்கு நுனியான அரிச்சல்முனை வரை போவது எளிது. இராமேசுவரம் திரும்பும் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், காற்றை மறைக்க ஒன்றுமில்லாத கடலோரச் சாலையில், மிதிக்கும்போது மோட்டார் தரும் உதவியை (அசிஸ்ட்) கூட்டி 25 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துவைக்க நினைத்தால் சிறிய பேட்டரி பாதியிலேயே கைவிடும். வேகத்தை 17, 18 ஆகக் குறைத்துக்கொண்டால் அதே பேட்டரி தாராளமாக ஊர் சேர்க்கிறது.

கடைகளில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 504 வாட்-மணி பேட்டரிக்குள் 18650 வகைச் செல்கள் (சிறு மின்கலங்கள்) நான்கு நான்காக இணையாகச் சேர்ந்து, அப்படிப் பத்துத் தொகுதிகள் தொடராக, மொத்தம் 40. என் சிறிய பேட்டரியில் அதைவிடப் பெரிய 21700 வகைச் செல்கள் இரண்டிரண்டாக இணைந்த பத்துத் தொகுதிகள், மொத்தம் 20. மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால் முன்னதில் ஒரு செல்லின் பங்கு நான்கு ஆம்பியருக்கும் குறைவு, பின்னதில் ஏழரை. மலிவான செல்லாக இருந்தால் மணலில் மிதிக்கும்போது வோல்ட் சட்டென்று இறங்கி, சார்ஜ் மீதமிருந்தும் பேட்டரி தானாக நின்றுவிடும், சூடும் ஏறும். ஆகவே சிறியது வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது எடையை அல்ல, செல்லின் பெயரையும் அது தாங்கும் ஆம்பியரையும்தான்.

உள்ளூரில் பேட்டரி கட்டித் தரச் சொல்பவர்கள், செல்களை இணைக்கும் பட்டை சுத்த நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்றும் கேட்க வேண்டும். ஒரு துண்டை வாங்கிச் சுரண்டி உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டுவைத்தால், இரும்பாக இருந்தால் சுரண்டிய கோட்டில் செந்துரு பூத்துவிடும். வெளியே உள்ள இணைப்பு முனைகளிலும் உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு படிகிறது. உலர்ந்த துணியால் துடைத்து, மின் இணைப்புகளுக்கென்று விற்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவுவது எனக்கு வாரந்தோறும் உள்ள வேலை.

மண்டபத்துக்குள்ளும் பாம்பன், தங்கச்சிமடம் வரையிலும் போய்வருபவருக்கு 360 வாட்-மணி தாராளம். ஒரு வழியே 35 கிலோமீட்டருக்கு மேல் மேற்கு நோக்கி இராமநாதபுரம் போகிறவர் பெரியதையே வாங்கலாம். அல்லது என்னைப் போலச் சிறியதில் இன்னொன்றை வாங்கி, கச்சான் மாதங்களில் மட்டும் முதுகுப் பையில் வைத்துக்கொள்ளலாம்.