பல்லுக்குக் கம்பியா, அலைனரா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கோயிலுக்குப் போனால்கூட யாராவது ஒரு அம்மா இதைக் கேட்டுவிடுகிறார், அதனால் எழுதிவிடுகிறேன். இரண்டுமே பல்லை நேராக்கத்தான்: கம்பி பல்லில் ஒட்டியே இருக்கும், அலைனர் என்பது கழற்றி மாட்டக்கூடிய, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறை.

செலவு: கம்பி பெரும்பாலும் குறைவு. எதுவானாலும் மெடிக்கல் எய்டிடம் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) முதலில் அனுமதி வாங்குங்கள், பல திட்டங்களில் வயது வரம்பு உண்டு.

சாப்பாடு: இங்கேதான் பெரிய வித்தியாசம். கம்பி போட்டால் பில்டாங் (உலர்த்திய இறைச்சி), முறுக்கு, சோளக்கதிர் எல்லாம் தள்ளிவைக்க வேண்டும், கடித்தால் பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) பெயர்ந்துவிடும். அப்புறம் நம் டர்பன் கறியின் மஞ்சள் பிராக்கெட்டைச் சுற்றிப் போடும் வெளிர்நிற ரப்பர் வளையங்களில் சட்டென்று ஏறிவிடும், அதனால் கருநிற வளையமே கேளுங்கள். அலைனரைக் கழற்றிவிட்டு எதையும் சாப்பிடலாம், ஆனால் பல் துலக்கிய பிறகே திரும்ப மாட்ட வேண்டும், மாட்டியபடி சூடான டீ குடித்தால் அது நெளிந்துபோகும்.

பலன்: கம்பி 24 மணி நேரமும் வேலை செய்யும். அலைனரை தினமும் 20 முதல் 22 மணி நேரம் போடாவிட்டால் பல் திட்டப்படி நகராது. பள்ளிப் பிள்ளைகள் கழற்றிய அலைனரை டிஷ்யூவில் சுற்றிவைத்து, குப்பையோடு எறிந்துவிடுவார்கள்.

பல் அதிகமாகத் திரும்பியிருந்தாலோ கடி (மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதம்) சரியில்லை என்றாலோ, பதின்வயதினருக்கு நான் கம்பியைத்தான் சொல்வேன். லேசான நெரிசலோ இடைவெளியோ உள்ள, ஒழுங்காக மாட்டிக்கொள்ளும் பெரியவர்களுக்கு அலைனர் சரி. இரண்டுக்கும் பிறகு, நேரான பல் திரும்ப நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னர் கட்டாயம், அந்தச் செலவையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.