லூமியா 520-ம் மைத்துனரின் ஆண்ட்ராய்டும்

2013 கடைசியில் திருத்துறைப்பூண்டியில் நானும் மைத்துனரும் ஒரே வாரத்தில் போன் வாங்கினோம். இரண்டும் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலைதான். நான் எடுத்தது நோக்கியா லூமியா 520, உள்ளே ஓடியது மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் 8 மென்பொருள். அவர் எடுத்தது ஓர் ஆண்ட்ராய்டு. கம்பெனி பெயர் வேண்டாம்.

கேமரா, திரை இரண்டிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வேகத்தில்தான் லூமியா தனியாகத் தெரிந்தது. வெறும் 512 எம்பி ராம், ஆனாலும் விரல் பட்டதும் நகரும். மைத்துனர் போன் ஆறே மாதத்தில் திணறியது. அழைப்பை எடுக்கும் பட்டன் திரையில் வருவதற்குள் மணி நின்றுவிடும். விலை கூடிய ஆண்ட்ராய்டுகளை நான் அப்போது கையாண்டதில்லை. அதனால் இது அந்த விலைக்குள் சொல்கிற பேச்சு.

வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் வேதாரண்யம் பக்கம் சிக்னல் இல்லாத இடத்திலும் லூமியா வழி காட்டியது. ஆனால் அந்த போன் எனக்கு உண்மையாகக் கைகொடுத்தது 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையைக் கடந்த பிறகுதான். மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. லூமியா 520-ன் பேட்டரி பிஎல்-5ஜே வகை. பழைய நோக்கியா 5230-க்கும் அதேதான். வீட்டில் கிடந்த அந்தப் பழைய போனின் பேட்டரியை எடுத்து, ஜெனரேட்டர் ஓடிய இடத்தில் இரண்டு பேட்டரியையும் சார்ஜ் ஏற்றி மாற்றி மாற்றிப் போட்டேன். மைத்துனர் அதற்குள் மூன்றாவது ஆண்ட்ராய்டுக்குப் போயிருந்தார். அதில் பேட்டரியைக் கழற்றவே முடியாது. "அத்தான், உங்க போன்ல ஒரு கால் பண்ணிக்கிறேன்" என்று வந்து நின்றார்.

இவ்வளவு இருந்தும் தோற்றது ஒரே இடத்தில்: செயலிகள்.

நோக்கியாவின் போன் தொழிலை வாங்கப்போவதாக மைக்ரோசாப்ட் 2013 செப்டம்பரில் அறிவித்தது. 2014 ஏப்ரல் 25-ல் கைமாறியது. வரித் தகராறால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேராமல், நவம்பர் 1-ல் மூடப்பட்டது. மறு வருடம் ஜூலையில் மைக்ரோசாப்ட் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதி, 7,800 பேரை வேலையிலிருந்து குறைத்தது. கைமாறியதுதான் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டும் 2005-ல் கூகுள் விலைக்கு வாங்கியதுதான். கூகுள் அதை எல்லாக் கம்பெனிக்கும் திறந்துவிட்டது. விண்டோஸ் போன்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே நோக்கியாவுடையவை. அதையும் மைக்ரோசாப்டே எடுத்துக்கொண்டபின் மற்றவர்கள் அந்தப் பக்கம் வர என்ன காரணம் இருக்கிறது? போன் பெருகவில்லை என்றால் செயலி எழுத ஆள் வரமாட்டார்கள். செயலி இல்லாத போனை யாரும் வாங்கமாட்டார்கள்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். 2016 டிசம்பர் 30-ல் போனிலேயே பணம் அனுப்பும் பீம் செயலி வந்தது, முதலில் ஆண்ட்ராய்டுக்கு மட்டும். உரக்கடையில் மைத்துனர் போனிலேயே பணம் அனுப்ப, நான் ஏடிஎம் வரிசையில் நின்றேன். மென்பொருள் புதுப்பிப்பில் அவரது முதல் போனைவிட என்னுடையது மேல்தான், 8.1 வந்தது. 520-க்கு விண்டோஸ் 10 தரவில்லை, 8.1-க்கான ஆதரவும் 2017 ஜூலையில் முடிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

2019 டிசம்பர் 31-ல் வாட்ஸ்அப் நின்றதைப் பொறுக்க முடியவில்லை. சம்பா அறுப்புக்குச் சில வாரம்தான் இருந்தது. கொள்முதல் நிலையம் என்று திறக்கிறது, சாக்கு வந்ததா, யார் முறை என்பதெல்லாம் எங்கள் ஊர்க் குழுவில்தான் வரும். நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டுப் பனியில் காத்திருப்பவனுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடக் கூடாது என்ற கவலை. அந்தச் செய்தி வராத போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தை பிறக்குமுன் ஆண்ட்ராய்டு வாங்கிவிட்டேன்.

2013-க்குத் திரும்பினால் மறுபடியும் லூமியாதான் எடுப்பேன். 2014 ஏப்ரலுக்கு அப்புறம் என்றால் எடுக்க மாட்டேன். 520 இன்னும் பீரோவில் இருக்கிறது, இரண்டு பேட்டரியோடு. ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தால் எடுத்து சார்ஜ் போட்டு வைக்கிறேன்.